வங்கியின் சைபர் பாதுகாப்பில் வடிவமைப்பு, சரிபார்ப்புக் குழுவை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாதுகாப்பு வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டு ஊறியவர்கள்கூட இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் மாதத்தில் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வந்து உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு சர்வதேசத் தரத்தை எடுத்து, அதிலுள்ள நூற்றுக்கணக்கான கட்டுப்பாடுகளை எக்செல்லில் இறக்கி, 'இருக்கிறதா, இல்லையா' என்று ஒவ்வொரு துறைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் ஏறக்குறைய எல்லா வரிகளிலும் 'இருக்கிறது' என்று பதில் வந்து சேரும். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

இந்தக் குழுவுக்கு இரண்டு வேலைகள். புதிதாக வரும் சிஸ்டம் பாதுகாப்பாகக் கட்டப்படும்படி வரைந்து கொடுப்பது ஒன்று, அதுதான் ஆர்க்கிடெக்சர். வரைந்தபடிதான் அது இன்றைக்கும் ஓடுகிறதா என்று நேரில் பார்ப்பது இன்னொன்று, அது அஷ்யூரன்ஸ். படத்துக்கும் மெஷினுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். கீழே உள்ள வரிசை அந்தத் தூரத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கானது. இந்திய வணிக வங்கி ஒன்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் விதிகளை மூலத்திலேயே படியுங்கள்; யாரோ போட்ட பிரசன்டேஷனை நம்ப வேண்டாம். 2016 ஜூன் 2-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகம், 2021 பிப்ரவரியில் வந்த டிஜிட்டல் பேமென்ட் பாதுகாப்பு நெறிமுறைகள், 2023 ஏப்ரலில் வந்த ஐடி அவுட்சோர்ஸிங் நெறிமுறை, 2023 நவம்பரில் வந்து 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐடி ஆளுகை நெறிமுறை, மத்திய அரசின் சைபர் அவசரகால அமைப்பான சர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு. இவை ஐந்தும் அடிப்படை. கார்டு வியாபாரம் இருந்தால் கார்டுத் தகவல் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் இருந்தால், வங்கிகளுக்கிடையே பணச் செய்திகளைக் கொண்டுபோகும் ஸ்விஃப்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள்.

அடுத்து, 'பார்க்க மட்டும்' உரிமை. ஃபயர்வால் விதிகள், மாற்றங்களுக்கான டிக்கெட்டுகள், லாக் தொகுப்பு (மெஷின்கள் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவுகள்), கிளவுட் கன்சோல் நான்கிலும் உங்கள் குழு நேரடியாகப் பார்க்க முடிய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லிக் காத்திருக்கும் குழுவால் சரிபார்ப்பு செய்ய முடியாது. அனுப்புகிறவர் எதைக் காட்ட நினைக்கிறாரோ அதுதான் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும்.

கடைசியாக, கோர் பேங்கிங் (எல்லாக் கணக்குகளையும் வைத்திருக்கும் மைய சிஸ்டம்), ஏடிஎம் ஸ்விட்ச் (ஏடிஎம் கோரிக்கைகளை உரிய இடத்துக்கு அனுப்பும் சிஸ்டம்), நெட்வொர்க், டேட்டாபேஸ், ட்ரஷரி (வங்கியின் சொந்தப் பணத்தையும் அந்நியச் செலாவணியையும் கையாளும் பிரிவு) ஆகிய ஐந்து இடங்களிலும் ஆளுக்கொருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் வேண்டாம், கையால் வேலை செய்கிறவர் வேண்டும்.

2. அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள்

தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி, அதாவது சிஐஎஸ்ஓ, ஐடி துறைத் தலைவருக்கு நேரடியாகக் கீழ்ப்பட்டிருக்கக் கூடாது, அவருக்கு வியாபார இலக்கும் தரக் கூடாது என்று 2023 ஐடி ஆளுகை நெறிமுறை சொல்கிறது. உங்கள் குழு அந்த அதிகாரியின் கீழ் வருகிறது. ஆனால் அந்த வரி மட்டும் உங்களுக்கு எந்த அதிகாரத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிடாது.

மூன்று விஷயங்களை இயக்குநர் குழு அங்கீகரித்த கொள்கையிலோ அதற்குக் கீழான நடைமுறையிலோ எழுத வையுங்கள். பாதுகாப்பு வடிவமைப்பு ஒப்புதல் இல்லாமல் கொள்முதல் ஆணை போகக் கூடாது. குறிப்பிட்ட சில குறைகள் திறந்திருந்தால் கோ-லைவ், அதாவது சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்கு விடுவது, நிற்கும். விதிவிலக்கு எதுவானாலும் முடிவுத் தேதியோடுதான் வரும்.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் சண்டை வந்த பிறகு இந்த அதிகாரத்தைக் கேட்டால், அந்த ஒரு புராஜெக்ட்டை நிறுத்துவதற்காகக் கேட்பதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சண்டை வருவதற்கு முன் கேட்டால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

3. பணம் நகரும் பாதைகளை முதலில் வரையுங்கள்

ஆயிரக்கணக்கான சர்வர்களின் பட்டியலைச் சரிசெய்துவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்தால் ஒரு வருடம் அதிலேயே போய்விடும். பட்டியலும் முடியாது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும் வழிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: ஸ்விஃப்ட், ஆர்டிஜிஎஸ்-நெஃப்ட், யுபிஐ, ஐஎம்பிஎஸ், ஏடிஎம் மற்றும் கார்டு ஸ்விட்ச், வாடிக்கையாளர் ஆப். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் ஒரு படம். பணம் அனுப்பும் உத்தரவு எங்கே பிறக்கிறது, யார் ஒப்புதல் தருகிறார், எந்தெந்த சர்வரைத் தாண்டுகிறது, எங்கே கணக்கில் பதிவாகிறது, பிறகு யார் ஒத்துப் பார்க்கிறார்.

இந்தப் படத்தை ஆவணங்களிலிருந்து வரையாதீர்கள். வேலை செய்கிறவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரையுங்கள். ஒரு முறை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞரை ட்ரஷரிக்கு அனுப்பியிருந்தேன். அங்கே நடந்த பேச்சு இது.

"மெசேஜ் போனதுக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க மேடம்?"

"பிரின்ட் எடுத்து டிக் போடுவேன் தம்பி. மறுநாள் காலைல நாஸ்ட்ரோ ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பார்ப்போம்."

"பிரின்டர் ஓடலைன்னா?"

"ஐடிக்குப் போன் போடுவோம். அவங்க வந்து பார்க்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அன்னைக்கு டிக் போடறது அப்படியே தள்ளிப் போயிடும்."

நாஸ்ட்ரோ என்பது வெளிநாட்டு வங்கியில் நம் வங்கி வைத்திருக்கும் கணக்கு. மேடம் சொன்ன அந்தப் பதில் எந்த ஆவணத்திலும் இல்லை. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் வங்கியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊடுருவியவர்கள் ஸ்விஃப்ட் செய்திகளை அச்சிடும் பிரின்டரைச் செயலிழக்க வைத்தார்கள். அங்கே வார விடுமுறை தொடங்கும் வியாழன் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 95.1 கோடி டாலருக்கு உத்தரவுகள் போயின; 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் வந்து நிறுத்தப்பட்டது. நம் ட்ரஷரியில் பிரின்டர் நின்றால் அது ஐடி டிக்கெட்டாக மட்டும் இருக்கக் கூடாது, பாதுகாப்பு எச்சரிக்கையாகவும் போக வேண்டும் என்று அன்றைக்கே படத்தில் சேர்த்தோம்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர் அளவுக்கு, அனுப்பப்பட்டன. கண்டுபிடிக்க உதவியது கணக்கை ஒத்துப் பார்த்த வேலைதான். அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் சுமார் 94 கோடி ரூபாய் போனது. அங்கே ஏடிஎம் கோரிக்கைகள் கோர் பேங்கிங்குக்குப் போகவே இல்லை. நடுவில் புகுந்த போலி ஸ்விட்ச் ஒன்று எல்லாவற்றுக்கும் 'சரி' என்று பதில் கொடுத்தது. 28 நாடுகளில் பணம் எடுத்தார்கள். ஆகவே உங்கள் படத்தில் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பதில் உண்மையான இடத்திலிருந்துதான் வருகிறது என்று அடுத்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?

புதியவர்கள் செய்யும் பிழை, நெட்வொர்க் படத்தையே பணப் பாதைப் படம் என்று எடுத்துக்கொள்வது. அதில் கேபிள் இருக்கும். மேடம் போடும் டிக் இருக்காது.

4. ஆட்களைப் பிரியுங்கள், பிறகு மாற்றிப் போடுங்கள்

வடிவமைத்தவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. தான் வரைந்ததில் ஓட்டை தேட யாருக்கும் மனசு வராது. ஆனால் இரண்டு தனித் துறைகளாகப் பிரித்தால், வரைகிறவர் ஒரு உலகத்திலும் சோதிக்கிறவர் வேறொரு உலகத்திலும் போய்விடுவார்கள்.

ஆறு பேர் இருந்தால் நான் செய்வது இப்படி: பணப் பாதைகளை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக் கொடுப்பேன். ஒரு பாதைக்கு வடிவமைப்பாளராக இருப்பவர் வேறொரு பாதைக்குச் சரிபார்ப்பாளர். வருடத்துக்கு ஒரு முறை மாற்றிப் போடுவேன். வடிவமைப்பாளர் தன் கட்டுப்பாட்டை எழுதும்போதே 'இதை ஒருவர் வந்து சோதிப்பார்' என்று நினைத்து எழுதப் பழகிவிடுவார்.

ஆளெடுக்கும்போது சான்றிதழ்களை விட ஒரு கேள்வி உதவும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஏடிஎம்மில் கார்டைப் போட்டதிலிருந்து பணம் வெளியே வரும் வரை வரையச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் நிறுத்தி 'இங்கே என்ன நடக்கிறது?' என்று கேட்பவரை எடுங்கள்.

5. மாதிரி வடிவங்களை எழுதிவிட்டு ரிவ்யூவைத் திறங்கள்

மாதிரி இல்லாமல் ரிவ்யூ தொடங்கினால் ஒவ்வொரு கூட்டமும் பூஜ்ஜியத்திலிருந்து வாதாடுவதாக ஆகும். ஒரே கேள்விக்கு உங்கள் குழுவில் இருவர் இரண்டு பதில் சொல்வார்கள். புராஜெக்ட்காரர்கள் எளிதான பதில் சொல்பவரைத் தேடிப் போவார்கள்.

தொடக்கத்துக்கு ஐந்து போதும்: இன்டர்நெட்டைப் பார்க்கும் அப்ளிகேஷன், வெளி நிறுவனத்தோடு ஏபிஐ இணைப்பு (இரண்டு மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி), அட்மின் நுழைவு, ஃபைல் பரிமாற்றம், கிளவுட். ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் எதிரே 'இது ஓடுகிறது என்பதற்கு என்ன சான்று, எங்கிருந்து எடுப்பது' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாத கட்டுப்பாட்டைத் திரும்ப எழுதுங்கள்.

கிளவுட் மாதிரியில் ஒன்றை விடவே கூடாது. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல் வெளியே போனது. சரியாக அமைக்காத வெப் ஃபயர்வால் ஒன்றின் வழியாக, அதற்குக் கொடுத்திருந்த தற்காலிக உரிமச் சாவிகளைத் தாக்கியவர் எடுத்துவிட்டார். அந்த ஃபயர்வாலுக்குச் சேமிப்பகத்தைப் படிக்கிற அளவு உரிமை தேவையே இல்லை. ஒவ்வொரு கிளவுட் ரோலுக்கும் (ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கும் உரிமைத் தொகுப்பு) 'இதைத் திருடினால் எதையெல்லாம் படிக்கலாம்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

6. மூன்று வாசல்களில் நில்லுங்கள்

முதல் வாசல், வெண்டரைத் தேர்ந்தெடுக்கும் முன். இங்கே அரை மணி நேரம் போதும்: என்ன தகவல் வெளியே போகிறது, பேமென்ட் தகவல் இந்தியாவுக்குள் இருக்கிறதா, எந்த மாதிரி வடிவம் பொருந்தும். பேமென்ட் தகவலை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு ஒப்பந்தம் போட்ட பிறகு நினைவுக்கு வந்தால், செலவு பல மடங்காகும்.

இரண்டாவது, கட்டத் தொடங்கும் முன். நிஜமான வேலை இங்கேதான். தாக்குபவர் எங்கிருந்து வருவார், ஒரு படி உள்ளே வந்துவிட்டால் அடுத்து என்ன செய்வார், நமக்கு எப்போது தெரியும் என்று படத்தின் மேல் விரல் வைத்துப் பேசுங்கள். டெவலப்பர் கட்டாயம் அந்த அறையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கோ-லைவுக்கு முன். இங்கே புதுக் கேள்வி கேட்காதீர்கள். இரண்டாவது வாசலில் ஒத்துக்கொண்டவை கட்டப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, வெள்ளிக்கிழமை கோ-லைவ் என்று சைன்-ஆஃப் கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் புதிதாக ஒரு குறையைக் கண்டுபிடித்தால் தவறு பாதி உங்களுடையது. முந்தைய வாசலில் ஏன் விட்டோம் என்று குழுவுக்குள் பேசுங்கள்.

7. சரிபார்ப்பு: ஆவணத்தை விடுங்கள், மெஷினைக் கேளுங்கள்

முக்கிய சிஸ்டங்களுக்கும் வாடிக்கையாளர் தொடும் சிஸ்டங்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பலவீன மதிப்பீடும், 12 மாதத்துக்கு ஒரு முறை ஊடுருவல் சோதனையும் நடத்தச் சொல்கிறது 2023 ஐடி ஆளுகை நெறிமுறை. அதைச் செய்தே ஆக வேண்டும். அதோடு சரிபார்ப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய பிழை. ஓட்டை இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். நீங்கள் கட்டிய கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று சொல்லாது.

முறை இது. கட்டுப்பாட்டை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியம் பொய் என்றால் எங்கே தடயம் இருக்கும் என்று யோசியுங்கள். அந்தத் தடயத்தை, கட்டுப்பாட்டை நடத்துகிறவரிடம் கேட்காமல், வேறு இடத்திலிருந்து எடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 'எல்லா அட்மின் நுழைவும் பிஏஎம் கருவி வழியாகத்தான்' என்பது வாக்கியம். அட்மின் நுழைவுகளைக் கட்டுப்படுத்திப் பதிவு செய்யும் கருவிதான் பிஏஎம். பிஏஎம் டாஷ்போர்டைப் பார்த்தால் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்தக் கருவிக்குத் தன் வழியாக வந்தவர்களை மட்டும்தான் தெரியும். ஆகவே சர்வர்களின் சொந்த லாகின் பதிவை முப்பது நாளுக்கு எடுங்கள். எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார்கள் என்ற பட்டியலிலிருந்து பிஏஎம் முகவரிகளைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் பதில்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதை முதல் முறை செய்தபோது மூன்று முகவரிகள் மிஞ்சின. ஒன்று பேக்கப் கருவி. அதற்கு அட்மின் உரிமை கொடுத்து ஆண்டுக்கணக்காகப் பாஸ்வேர்டு மாற்றவில்லை. இன்னொன்று டேட்டாபேஸ் நிர்வாகியின் லேப்டாப். "ராத்திரி ரெண்டு மணிக்கு பிஏஎம் தொங்கிப் போச்சு சார். பேட்ச் ஜாப் நிக்குது. வேற என்ன பண்றது?" என்றார் அவர். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. பிஏஎம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு நாங்கள் வழி கொடுக்கவில்லை. உடைத்துத் திறக்கும் அவசரக் கணக்கு ஒன்றை, சீல் வைத்த உறையோடும் எச்சரிக்கையோடும் அமைத்தோம். அதன் பிறகு லேப்டாப் நுழைவு நின்றது. மூன்றாவது முகவரி யாருடையது என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. பழைய கண்காணிப்பு வெண்டருடையது. ஒப்பந்தம் முடிந்தும் இணைப்பு அப்படியே இருந்தது.

இதே முறையில் இன்னும் சில. 'எல்லா லாகும் எஸ்ஓசிக்கு, அதாவது பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்துக்கு, போகிறது' என்றால், முன் அனுமதியோடு ஒரு சர்வரில் லாக் ஏஜென்டை நிறுத்திவிட்டு, எஸ்ஓசியிலிருந்து போன் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 'பேக்கப் இருக்கிறது' என்றால் ஒரு டேட்டாபேஸை வேறிடத்தில் மீட்டு, கடைசி வரவு எந்த நிமிடத்தியது என்று பாருங்கள். 'ஸ்விட்ச் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது' என்றால் ஒரு கிளையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஸ்விட்சைத் தொட்டுப் பாருங்கள்.

முதல் வருடத்தில் பாதைக்கு ஐந்து கட்டுப்பாடுகள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

8. விதிவிலக்குகளுக்கு வயது வையுங்கள்

விதிவிலக்கு இல்லாத வங்கி கிடையாது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும் ஓடும் அப்ளிகேஷன் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு விதிவிலக்கிலும் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: எந்தப் பணப் பாதையைத் தொடுகிறது, அதுவரைக்கும் மாற்று ஏற்பாடு என்ன, எப்போது முடியும், பொறுப்பு யார்.

பொறுப்பாளர் வியாபாரத் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பாதுகாப்புத் துறைப் பெயரில் கையெழுத்துப் போட்டு ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் புதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அந்த ஆபத்தைச் சரிசெய்யப் பணமோ ஆளோ அவர்களிடம் இல்லை. இரண்டாவது முறை நீட்டிப்புக் கேட்டு வந்தால், முதல் முறை கையெழுத்திட்டவருக்கு மேலே உள்ளவர் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். நீட்டிப்புகள் பாதியாகக் குறையும்.

9. வெண்டரின் வீட்டுக்குள்ளும் படம் போகட்டும்

2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற சேவை நிறுவனத்தை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியதும், யுபிஐ போன்ற பேமென்ட் வலைகளை நடத்தும் என்பிசிஐ அதைச் சில்லறைப் பேமென்ட் வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அதன் சேவையை நம்பியிருந்த ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் நின்றார்கள். அந்த வங்கிகளின் சொந்தச் சுவரில் ஓட்டை இருந்ததா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

கேள்வித்தாள் அனுப்பி 'ஆம்' வாங்குவது முதல் பத்தியில் சொன்ன அதே பிழை. பணப் பாதையைத் தொடும் வெண்டர்களை மட்டும் பிரித்தெடுத்து, நேரில் போங்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எங்கள் வங்கிக்கான சாவிகளும் கடவுச்சொற்களும் எந்த மெஷினில் இருக்கின்றன? உங்களுக்கு வேலை செய்யும் துணை நிறுவனம் யார்? நீங்கள் ஒரு நாள் படுத்துவிட்டால் நாங்கள் எந்தச் சுவிட்சை அணைத்து எங்களைத் துண்டித்துக்கொள்வது?

வெண்டரிடம் சம்பவம் கண்டறியப்பட்ட ஆறு மணி நேரத்துக்குள் வங்கி ரிசர்வ் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அவுட்சோர்ஸிங் நெறிமுறை. கடிகாரம் ஓடத் தொடங்குவது அவர் கண்டுபிடித்த நொடியில். ஒப்பந்தத்தில் '24 மணி நேரத்துக்குள் தெரிவிப்போம்' என்றிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

10. சம்பவ நாளுக்கு உங்கள் பங்கு

சம்பவத்தை நடத்துவது எஸ்ஓசியின் வேலை. பணப் பாதைப் படங்களை அச்சிட்டு அவர்கள் அறையில் வைத்திருப்பது உங்கள் வேலை; நெட்வொர்க்கைத் துண்டித்த பிறகு ஷேர்டு ஃபோல்டர் திறக்காது. அசாதாரணச் சம்பவங்களை இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ரிசர்வ் வங்கிக்கும், ஆறு மணி நேரத்துக்குள் சர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாக் இந்திய எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதும், மெஷின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும் என்பதும் சர்ட்-இன் உத்தரவில் இருக்கின்றன. கடிகார விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஃபயர்வாலுக்கும் டேட்டாபேஸுக்கும் நான்கு நிமிட வித்தியாசம் இருந்தால், எது முதலில் நடந்தது என்று சொல்லவே ஒரு இரவு போய்விடும்.

11. இயக்குநர் குழுவுக்கு ஒரு பக்கம்

எத்தனை பலவீனங்களை மூடினோம் என்ற எண்ணிக்கையைக் கொண்டுபோகாதீர்கள். அது கூடினாலும் குறைந்தாலும் அவர்களுக்குப் புரிவது ஒன்றுமில்லை. பணப் பாதைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் இந்தக் காலாண்டில் எந்தக் கட்டுப்பாட்டைச் சோதித்தோம், எது தோற்றது, எதை இன்னும் தொடவே இல்லை என்று எழுதுங்கள். 'தொடவில்லை' என்ற கட்டத்தைக் காலியாக விடாமல் நேர்மையாக நிரப்புங்கள். ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு அதை விட நல்ல காரணம் கிடைக்காது.

12. ஒரு சுற்று முடிந்ததும்

இத்தனையும் ஒரு முறை செய்து முடிக்க ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதற்குள் ஸ்விட்ச் மென்பொருள் மாறியிருக்கும், யுபிஐ-யில் புது வசதி வந்திருக்கும், ட்ரஷரி மேடம் ஓய்வு பெற்றிருப்பார். மூன்றாம் படியின் படங்களை எடுத்துக்கொண்டு அவருடைய இடத்துக்கு வந்தவரின் பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். பிரின்டர் நின்றால் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள்.